அன்றைய பிரிட்டன் பிரதமர் கேமரன் விலகியதற்கும் மறுவாக்கெடுப்பு மனுவுக்கும் சம்பந்தமில்லை

"41 லட்சம் பேர் மனு போட்டதால்தான் கேமரன் பதவி விலகினார்" என்று சிலர் எழுதுகிறார்கள், தேதியை ஒருமுறை பாருங்கள். பிரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறுவது பற்றிய வாக்கெடுப்பு, நடந்தது 2016 ஜூன் 23. மறுநாள் காலையிலேயே டவுனிங் தெருவில் பிரதமர் இல்ல வாசலில் நின்று விலகப்போவதாகச் சொல்லிவிட்டார், கையெழுத்து லட்சக்கணக்கில் குவிந்ததெல்லாம் அப்புறம்தான். தவிர, மனு கேட்டது தலைமை மாற்றத்தை இல்லை. வாக்குப்பதிவு 75% தொடாமல், ஜெயித்தவர்களும் 60% எட்டாவிட்டால் மறுபடி வாக்கெடுப்பு வேண்டும் என்றது. கூத்து என்னவென்றால், அதைத் தொடங்கியவரே வெளியேறும் அணிக்காரர், தன் பக்கம் தோற்றுவிடுமோ என்று மே மாதமே போட்டுவைத்திருந்தார். ஆயிரம் பேர்கூட இல்லாத வாடிகனிலிருந்து 39,000 போலிக் கையெழுத்து வேறு! சரி, ஒரு மனுவில் லட்சம் கையெழுத்து தாண்டினால் நாடாளுமன்ற விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள், அவ்வளவுதான். செப்டம்பர் 5 அன்று விவாதித்தார்கள், மறுவாக்கெடுப்பு கிடையாது என்று அரசு கைவிரித்துவிட்டது.