கல்லூரிக்குப் போகும் பிள்ளையிடம் குடியைப் பற்றிப் பேசலாமா?

"குடியைப் பற்றிப் பேசினால் பிள்ளைக்கு ஆசைதான் வரும், பேசாதீர்கள்" என்று அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோரிடையே ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. இது தவறு.

மது பற்றி ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான என்.ஐ.ஏ.ஏ.ஏ.வின் இணையதளத்தில் பெற்றோருக்கென்றே ஒரு குறிப்பு இருக்கிறது. குடிப்பதில்லை என்று முடிவெடுக்கும் மாணவர்கள் பல நேரம் வீட்டில் அதன் கெடுதல்களைப் பேசியதால்தான் அப்படி முடிவெடுக்கிறார்களாம். கல்லூரி முதலாண்டின் முதல் 6 வாரங்கள் ஆபத்தானவை என்றும் அதில் உள்ளது. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ராப் டர்ரிசி குழுவினரின் ஆய்வுகளும், வகுப்பு தொடங்கும் முன்பே பேசுவது பலன் தருவதைக் காட்டின.

சரி, எப்படிப் பேசுவது? பெட்டி கட்டும்போது, போர்வையை மடித்துக்கொண்டே, "பார்ட்டியில் யாராவது கிளாஸை நீட்டினால் என்ன சொல்வாய்?" என்று ஆரம்பியுங்கள். மிரட்ட வேண்டாம். அந்த ஃபார்வர்டு வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.