தங்கத் தபால்பெட்டி

(எடின்பரோ, ஹன்டர் சதுக்கம். 2014 ஜூலை 24, சாயங்காலம். கிளாஸ்கோவில் காமன்வெல்த் போட்டிகள் தொடங்கிய மறுநாள். தூறல். கையில் பிறந்தநாள் வாழ்த்து அட்டையோடு மாமியார், குடையோடு மருமகன்.)

அத்தை: ஏன் மாப்பிள்ளை, ஊர்ல இருக்கற தபால்பெட்டி எல்லாம் சிவப்பு. இது மட்டும் தங்கமா மின்னுதே, இதுல போட்டா இன்வர்னஸ் போய்ச் சேருமா?

மாப்பிள்ளை: பேஷா சேரும் அத்தை. 2012 லண்டன் ஒலிம்பிக்ல தங்கம் ஜெயிச்சவங்களுக்காக அங்கங்கே ஒரு பெட்டிக்குத் தங்கக் கலர் அடிச்சாங்க. இது சைக்கிள் வீரர் கிறிஸ் ஹோய் பெட்டி.

அத்தை: யாரு, நேத்து டிவியில மூடி திறந்தாரே, அவரா?

மாப்பிள்ளை: மூடியா?

அத்தை: ராணியம்மா சேதியை ஒரு தடிக்குள்ள வச்சுக் கொண்டுவந்தாங்கல்ல. ஒரு பெரியவர் திருகறார், இழுக்கறார், ம்ஹூம். இவர்தான் வந்து கைகொடுத்தார். உதவற மனசு.

மாப்பிள்ளை: அத்தை! ஆறு ஒலிம்பிக் தங்கம், ஒரு வெள்ளி! அதுக்கு முன்னாடி பிரிட்டன்ல யாருமே ஆறு தங்கம் வாங்கினதில்ல.

அத்தை: சரி சரி, அதுவும் செஞ்சிருக்கார். சைக்கிள்தானே? எங்கேர்ந்து எங்கே போவார்?

மாப்பிள்ளை: எங்கேயும் போகமாட்டார். 250 மீட்டர் வட்டம். அதையே சுத்தணும். சைக்கிளுக்கு பிரேக் கிடையாது, கியர் மாத்தறதும் கிடையாது. சக்கரம் சுத்தற வரைக்கும் பெடலும் சுத்திக்கிட்டே இருக்கும், கால் ஓய முடியாது.

அத்தை: நீங்க சொல்றதைப் பார்த்தா என் கல்யாண வாழ்க்கை மாதிரி இருக்கு.

மாப்பிள்ளை: ஆறு வயசுல ஏதோ வேற்றுக்கிரகப் படத்துல பசங்க சைக்கிள்ல பறக்கறதைப் பார்த்தாராம். உடனே பிஎம்எக்ஸ் பைத்தியம், மண்மேட்டுல தாவி ஓட்டற குட்டி சைக்கிள். பதினாலு வயசு வரை அதுல ரேஸ். அப்புறம் ரக்பி, படகு. கடைசியா நம்ம மெடோபேங்க் ட்ராக்குக்கு வந்தார். மேலே கூரை இல்லாத மரத்தளம். மழை பெய்ஞ்சா பயிற்சி ரத்து.

அத்தை: எடின்பரோவிலயா? அப்ப எந்த வருஷம்தான் ஓட்டினார்?

மாப்பிள்ளை: (குடையைப் பார்த்துக்கொண்டே) ... எப்படியோ ஓட்டினார். 2004 ஏதென்ஸ்ல ஒரு கிலோமீட்டர் போட்டி. ஒவ்வொருத்தரா தனியா ஓட்டணும். இவர் கடைசி ஆள். இவர் கண்ணு முன்னாடியே ஒருத்தர் மாத்தி ஒருத்தர் முந்தின நேரத்தை முறியடிக்கறாங்க. பிரான்ஸோட டூர்னான் 1 நிமிஷம் 0.896 செகண்ட். இவர் 1 நிமிஷம் 0.711! தங்கம்!

அத்தை: கண்ணைச் சிமிட்டற நேரம்கூட இல்லையே.

மாப்பிள்ளை: கேளுங்க கொடுமையை. மறுவருஷமே அந்தப் போட்டியை ஒலிம்பிக்லேர்ந்து தூக்கிட்டாங்க. எதுக்குன்னு கேளுங்க.

அத்தை: எதுக்கு?

மாப்பிள்ளை: பிஎம்எக்ஸுக்கு இடம் வேணுமாம்!

அத்தை: இவர் சின்ன வயசுல விட்டுட்டு வந்ததா? அடப்பாவமே, காலி பண்ணின வீட்டுக்காரன் புது வீட்டு வாசல்ல வந்து நின்ன கதையால்ல இருக்கு! அழுதாரா?

மாப்பிள்ளை: பொலிவியாவுக்குப் போனார். 2007, லா பாஸ். கடல் மட்டத்துக்கு மேல 3,400 மீட்டர். அங்கே காத்து லேசு, சைக்கிளைத் தடுக்காது. அதே டூர்னானோட ஒரு கிலோமீட்டர் உலக சாதனை 58.875 செகண்ட். இவர் ஓட்டினது 58.880.

அத்தை: அப்படின்னா?

மாப்பிள்ளை: ஆயிரத்துல அஞ்சு பங்கு செகண்ட்ல போச்சு.

அத்தை: அவ்வளவு தூரம் போய்? டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்தாங்களா?

மாப்பிள்ளை: அதோட புதுப் போட்டிங்களைப் பிடிச்சார். அதுல கெய்ரின்னு ஒண்ணு, ஜப்பான்காரங்களுது. முன்னாடி ஒரு குட்டி மோட்டார் வண்டி போகும். எல்லாரும் அதுக்குப் பின்னாடியே வரிசையா போகணும், முந்தக் கூடாது. வண்டி மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வரை போய், கடைசி இரண்டரைச் சுற்று இருக்கும்போது விலகிடும். அப்புறம்தான் நிஜப் போட்டி.

அத்தை: யார் ஓட்டறது அந்த வண்டியை?

மாப்பிள்ளை: ஒரு ஆள், நிமிர்ந்து உட்கார்ந்து, மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போற மாதிரி. 2008 பீஜிங்ல அதுல ஒரு தங்கம், ஸ்பிரின்ட்ங்கற குறுந்தூர வேகப் போட்டில ஒண்ணு, அணியோட ஒண்ணு. மொத்தம் மூணு! ஒரே ஒலிம்பிக்ல மூணு தங்கம்னு பிரிட்டன்காரர் வாங்கி நூறு வருஷம் ஆச்சு. ராணி பேர்ல சர் பட்டமும் கிடைச்சது.

அத்தை: ஓ, அப்பவே பழக்கமா! அதான் மூடிக்குக் கூப்பிட்டிருக்காங்க.

மாப்பிள்ளை: (பெருமூச்சு) லண்டன்ல ஸ்பிரின்ட்டுக்கு ஒரு நாட்டுக்கு ஒரு ஆள்தான்னு சொல்லிட்டாங்க. அந்த இடம் ஜேசன் கென்னிக்குப் போச்சு, அவர் ஜெயிச்சும் காட்டினார். ஹோய் கெய்ரின்ல இறங்கினார். வயசு 36. கடைசிச் சுற்றுல ஜெர்மனிக்காரர் முந்திட்டார். எங்கேர்ந்துதான் தெம்பு வந்ததோ, உள்பக்கமா நுழைஞ்சு திரும்பப் பிடிச்சார் பாருங்க! நான் சோபாவை உடைச்சேன்.

அத்தை: தெரியும். என் பொண்ணு போன்ல சொன்னா.

மாப்பிள்ளை: இப்ப கிளாஸ்கோவில சைக்கிள் போட்டி நடக்கற அரங்கத்துக்கே அவர் பேருதான் வச்சிருக்காங்க. எனக்கு டிக்கெட் கிடைச்சிருக்கு!

அத்தை: அப்ப அவர் பேர் போட்ட அரங்கத்துல அவர் ஓட்டறதைப் பார்க்கப் போறீங்க.

மாப்பிள்ளை: இல்ல அத்தை. போன வருஷமே ஓய்வு பெற்றுட்டார்.

அத்தை: மழை பெய்யற ஊர்ல கூரை இல்லாம ஓட்டினார். கூரை போட்டுப் பேரும் வச்சப்புறம் ஓட்டல. என்ன திட்டமோ உங்க ஊர்க்காரங்களுக்கு!

(சிவப்புத் தபால் வேன் வந்து நிற்கிறது. தபால்காரர் பெட்டியைத் திறந்து பையில் கொட்டிக்கொண்டு, பூட்டிவிட்டு, வேனில் ஏறுகிறார். வேன் நகர்கிறது.)

மாப்பிள்ளை: அத்தை, அட்டையைப் போட்டுட்டீங்கல்ல?

அத்தை: எங்கே போட? அந்த ஓட்டையை மறைச்சுக்கிட்டு நிக்கறது யாரு?

மாப்பிள்ளை: ஐயோ! இன்னிக்கு இதுதான் கடைசி வண்டி.

அத்தை: (அட்டையை அவர் கையில் திணித்து) முன்னாடி வண்டி மெதுவாத்தான் போகுது. பின்னாடியே போங்க.

மாப்பிள்ளை: அத்தை, அது கெய்ரின்ல...

அத்தை: முந்தக் கூடாது, ஞாபகம் இருக்கட்டும். ஓடுங்க மாப்பிள்ளை! குடையைக் கொடுத்துட்டு ஓடுங்க!