கைதட்டி எண்ணினால் போதுமா?

வேளச்சேரி, தாம்பரம், பெரம்பூர்னு எந்தப் பக்கம் போனாலும் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு கண்ணில் படும். நான் பார்த்தவரை, நீளமான வார்த்தை வந்தால் கைதட்டி சிலபிள், அதாவது வார்த்தையின் ஒலித்துண்டுகளை, எண்ணச் சொல்வார்கள். க-மியூ-நி-கே-ஷன், அஞ்சு தட்டு. சரிதான். அதில் எந்தத் தட்டு ஓங்கி விழணும்? அதைச் சொல்லாமல் எண்ண வைத்து என்ன பிரயோஜனம்?

அக்கா பொண்ணு பத்தாவது படிக்கிறாள். ‘போட்டோகிராஃபர்’ என்ற வார்த்தையைப் பென்சிலால் நாலாக வெட்டி, டிக்கும் வாங்கியிருந்தாள். வாசிக்கச் சொன்னேன். நாலு துண்டும் ஒரே கனத்தில் வந்தது. டிக் போட்டவர் ஒரு தடவை வாய்விட்டு வாசிக்க வைத்திருக்கலாம்.

ஆங்கிலத்தில் அழுத்தம் இடம் மாறினால் உயிரொலியும் மாறிவிடும். போட்டோகிராஃபில் முதல் துண்டில் அழுத்தம்: ஃபோ-ட-கிராஃப். கூடவே ‘அர்’ சேர்ந்தால் அது ரெண்டாவதுக்குத் தாவும்: ஃப-டா-கிர-ஃபர். ‘இக்’ சேர்ந்தால் மூணாவதுக்கு: ஃபோ-ட-கிரா-ஃபிக். அழுத்தம் கிடைக்காத உயிர் பெரும்பாலும் மங்கி, பாதி விழுங்கிய ‘அ’ மாதிரி ஆகிவிடும். நாம் தமிழில் எழுத்துக்கு எழுத்து முழுசாகச் சொல்லிப் பழகியவர்கள். அது குறையே இல்லை, ஆனால் இங்கே கைகொடுக்காது.

மனப்பாடம் செய்தே ஆகணும் என்றால் இதைச் செய்யட்டும்: ‘ஷன்’, ‘இக்’, ‘இட்டி’ என்று முடிந்தால் அதற்கு முந்தின துண்டில் அழுத்தம். எஜுகேஷன், எகனாமிக், எலக்ட்ரிசிட்டி எல்லாம் இதில் அடங்கும். அராபிக், பாலிடிக்ஸ் மாதிரி சிலது அடங்காது, போகட்டும். ‘ரெக்கார்ட்’ பெயர்ச்சொல்லாக வந்தால் முதலில் அழுத்தம், வினையாக வந்தால் ரெண்டாவதில்.

எண்ணிக்கையும் அவ்வளவு கறார் கிடையாது. ‘கம்ஃபர்டபிள்’ எழுத்தைப் பார்த்தால் நாலு, பேச்சில் பெரும்பாலும் மூணுதான்: கம்ஃப்-ட-பிள்.

இதற்காக அமெரிக்கன் ஆக்சென்ட் கற்றுத்தருகிறேன் என்பவரிடம் காசைக் கொட்ட வேண்டாம். நம்ம வாடை இருக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம்? ஹோட்டலுக்கு ஆங்கிலத்தில் ரெண்டாவதில்தான் அழுத்தம். அதற்காக ஆட்டோ அண்ணன்கிட்ட ‘ஹோ-டெல்’னு இழுத்தால் அவர் சிரிக்கத்தான் செய்வார். இன்டர்வியூவில், வெளிநாட்டு கஸ்டமரிடம் பேசும்போது மட்டும் அழுத்தம் தப்பினால் எதிராளி “என்ன?” என்று திரும்பக் கேட்பார்.

டிக்‌ஷனரியில் உச்சரிப்பைப் பாருங்கள். அழுத்தம் விழும் துண்டுக்கு முன்னால், மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும். பிள்ளைகளுக்கு முதலில் அந்தக் கோட்டைக் காட்டுங்கள். கைதட்டல் அப்புறம்.