உவர் தாங்கும் நெல்லில் உப்பு ஏறியிருக்கிறதா?

"உவர் தாங்கும் நெல் மரபணு மாற்றியது, அந்தச் சோற்றில் உப்பு கூட, பிரஷர் வரும்" என்ற குரல்பதிவு மூதூர், கிண்ணியா வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

இந்த வகைகளில் நமக்குத் தெரிந்த அட் 354, அம்பலாந்தோட்டையில் உருவாகி 1992இல் வெளியானது. கேரளக் கரையின் பழைய உவர்நில நெல்லான பொக்காளியோடு, மகரந்தச் சேர்க்கை மூலம் சாதாரணமாகக் கலந்து எடுத்த வகை அது; மரபணு மாற்றியதல்ல. சரி, உப்பு எங்கே போகிறது? பயிர் அதைக் குடித்து மணியில் சேர்ப்பதில்லை. வேர் பெரும்பகுதியைத் தடுக்கிறது, மீறி ஏறுவதை முதிர்ந்த இலைகள் வாங்கிக்கொள்கின்றன. வரம்பில் வெள்ளையாக உவர் பூத்த வயலில் பாருங்கள், அடியிலைகளின் நுனிதான் முதலில் கருகும். ஆஸ்திரேலியாவிலும் பழைய கோதுமை இனத்தின் மரபணுவை, மரபணு மாற்றம் செய்யாமல் இதேபோன்ற கலப்பால் கோதுமைப் பயிரில் சேர்த்து, உவர்நிலத்தில் 25 சதவீதம் வரை கூடுதல் விளைச்சல் கண்டார்கள். 2012இல் வெளியான ஆய்வு அது.

ஆனால் எவ்வளவு உப்பையும் தாங்கும் என்று நம்பி விதைக்காதீர்கள். நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும் மென்மையானவை.

சந்தேகமென்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு அழையுங்கள், அல்லது உங்கள் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். அந்தப் பதிவை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.