தோர்ப்பாவில் கேட்கச் சொன்ன ரசீது

இன்றைய ஜார்க்கண்ட் பகுதியிலுள்ள சோட்டா நாக்பூரில் நடந்த கத்தோலிக்க மறைபரப்புப் பணி என்றதும் நம்மிடம் இரண்டே கதைகள்தான் இருக்கின்றன. கோவிலுக்குள் சொல்லும் கதையில், குதிரையேறி வந்த ஒரு பெல்ஜியக் குருவானவர் ஆயிரம் ஆயிரமாக ஞானஸ்நானம் கொடுக்கிறார். வெளியே சொல்லும் கதையில், அரிசியைக் காட்டி ஆதிவாசிகளை மதம் மாற்றுகிறார்கள். இரண்டிலும் நிலம் என்ற பேச்சே இல்லை. அதனால்தான் இரண்டின் மீதும் எனக்குக் கோபம்.

1873-ல் சாய்பாசா அருகே கூண்ட்பானியில் முண்டா என்ற ஆதிவாசி இனத்தவர் 28 பேர் திருமுழுக்குப் பெற்றதுதான் தொடக்கம். அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் பெரிய வளர்ச்சி கிடையாது. 1885-ல் பெல்ஜிய இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், இன்றைய ஜார்க்கண்டின் குந்தி மாவட்டத்திலுள்ள தோர்ப்பாவில் தங்கினார். காடு திருத்தி வயலாக்கியவர்களே தங்கள் வயலை இழந்துகொண்டிருந்த காலம் அது. ஜமீன்தார் வரியை வாங்கிக்கொள்வார், ரசீது தரமாட்டார். பிறகு பாக்கி என்று வழக்குப் போடுவார். நீதிமன்றத்தின் மொழியே தெரியாத முண்டா உழவர் கையில் என்ன சான்று இருக்கும்? போதாக்குறைக்குப் பேத் பேகாரி என்ற கூலியில்லா வேலை வேறு.

லீவன்ஸ் நிலச் சட்டத்தைப் படித்தார். உரிய வரியைக் கட்டுங்கள், கட்டியதற்கு ரசீது கேளுங்கள், சட்டத்தில் இல்லாத ஊழியத்துக்குப் போகாதீர்கள் என்று மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். வழக்குகளில் வழிகாட்டினார். அதன் பிறகுதான் ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தார்கள். எங்களுக்கும் மறைக்கல்வி சொல்லித்தர ஓர் உபதேசியாரை அனுப்புங்கள் என்று கேட்டார்கள்.

அப்படியானால் ஆதாயத்துக்காகச் சேர்ந்தவர்கள்தானே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். விசுவாசம் வேறு, வயல் வேறு என்று பிரித்துப் பார்க்க, வயல் பறிபோகாதவருக்குத்தான் வசதிப்படும். காசநோயோடு 1892-ல் ஊர் திரும்பிய லீவன்ஸ் மறு ஆண்டே, 37 வயதில் இறந்துபோனார். ஆதாயம் மட்டும்தான் காரணம் என்றால் அத்தோடு எல்லாம் கலைந்திருக்க வேண்டும். 1927-ல் ராஞ்சி மறைமாவட்டமானது. 2003-ல் அந்த மண்ணின் மகன் டெலஸ்ஃபோர் டோப்போ இந்தியாவின் முதல் ஆதிவாசிக் கர்தினால் ஆனார்.

எல்லாம் நேர்க்கோட்டில் நடந்துவிடவும் இல்லை. 1899 கிறிஸ்துமஸ் முன்னிரவில் ஆங்கில ஆட்சியை எதிர்த்து எழுந்த முண்டா தலைவர் பிர்சா முண்டாவின் ஆட்கள், சர்வதாவிலிருந்த கத்தோலிக்க மிஷன் மீது அம்பெய்தார்கள். மண்ணை இழந்தவர்களின் கண்ணுக்கு வெள்ளைத்தோல் குருவும் வெள்ளை அரசும் ஒன்றாகத் தெரிந்ததில் எனக்கு வியப்பில்லை. நான் மதிப்பது, பிறகு நடந்ததை. சர்வதாவில் பணியாற்றிய இயேசு சபைக் குரு ஜான் பாப்டிஸ்ட் ஹாஃப்மன், முண்டாக்களின் நில உரிமையை எழுத்தில் கொண்டுவரப் பாடுபட்டார். ஆதிவாசி நிலம் பிறர் கைக்குப் போவதைத் தடுக்கும் 1908-ஆம் ஆண்டின் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. மறு ஆண்டே, வட்டிக்காரரிடமிருந்து மக்களை மீட்கக் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கினார். ஜெர்மானியர் என்பதால் முதல் உலகப் போரின்போது ஆங்கில அரசு அவரை வெளியேற்றியது.

அந்தக் குத்தகைச் சட்டத்தைத் தளர்த்த ஜார்க்கண்ட் அரசு 2016-ல் திருத்தம் கொண்டுவந்தபோது ஆதிவாசிகள் தெருவில் இறங்கினார்கள். அன்றைய ஆளுநர் திரௌபதி முர்மு மசோதாவைத் திருப்பி அனுப்பினார். அதே மண்ணில் நிலத்துக்காகவும் சிறையிலிருந்த ஆதிவாசி இளைஞர்களுக்காகவும் உழைத்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி நம் திருச்சி மாவட்டத்துக்காரர். 2021 ஜூலையில், 84 வயதில், விசாரணைக் கைதியாகவே இறந்தார். அவருக்காக மெழுகுதிரி ஏற்றினோம். நல்லது. அவர் செய்த வேலையை நம் பங்குக் கோவில்களில் எத்தனை பேர் தொடர்கிறோம்?

நம் விழா மலர்களைப் புரட்டினால் கோபுரத்தின் உயரம், மணியின் எடை, தேரின் செலவு எல்லாம் இருக்கும். அந்தப் பங்கின் கூலித் தொழிலாளர்களில் எத்தனை பேருக்கு வீட்டுமனைப் பட்டா கிடைத்தது என்ற கணக்கு இருக்காது. தமிழகத் திருச்சபையில் தலித் மக்களே பெரும்பான்மை. ஆங்கில ஆட்சியில் அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பிறர் கையில் கிடக்கின்றன. பட்டா, குறைந்தபட்சக் கூலி, வன்கொடுமை வழக்கு என்று தாலுகா அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் தனியாக நடப்பவர்கள் நம் பீடத்தின் முன் மண்டியிடுபவர்கள்தான்.

பங்குப்பேரவையில் இருக்கும் நண்பர்களே, அடுத்த கூட்டத்தில் கோபுர நிதிக்குக் கையெழுத்துப் போடும் முன், ஒரு வழக்கறிஞருக்கான செலவையும் தீர்மானத்தில் சேருங்கள். மறுத்தால், ஏன் மறுத்தார்கள் என்பதைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.