பையன் எழுதிய பரீட்சைக்கு எனக்கு எதுக்கு மார்க்?

பச்சை, மஞ்சள், சிவப்பு. ஆசிரியர்களான எங்கள் வேலையை இப்போது இந்த மூன்று நிறத்தில் அளந்து முடித்துவிடுகிறார்கள். பிள்ளைகள் எழுதிய தேர்வின் சராசரி ஒரு எக்செல் தாளில் ஏறுகிறது, அதன்மேல் யாரோ போட்ட சூத்திரம் ஓடுகிறது, மீளாய்வுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் திரையில் நம் பெயருக்கு நேரே ஒரு கட்டம் சிவப்பாகத் தெரிகிறது. அவ்வளவுதான், நீங்கள் மோசமான ஆசிரியர். ஏன், எப்படி என்று வாயைத் திறந்தால் "டேட்டா பொய் சொல்லாதுங்க" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். டேட்டா பொய் சொல்லாது, சரி. ஆனால் அதை வாசிக்கத் தெரியாத ஆள் கையில் கிடைத்தால் என்னென்னவோ சொல்லுமே, அதற்கு யார் பொறுப்பு?

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். எட்டாம் வகுப்பு, வேறு பள்ளியிலிருந்து ஆண்டுத் தொடக்கத்தில் வந்து சேர்ந்தவன். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான், வரி முடிவதற்குள் அந்த வரி எப்படித் தொடங்கியது என்பதே மறந்துபோயிருக்கும். விரல் வைத்துப் படிப்பதை மற்ற பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாது என்று புத்தகத்தை மடியில் வைத்துக் குனிந்துகொள்வான். இடைவேளைகளில் அவனை உட்கார வைத்து மூன்றாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்கினேன். ஆண்டு முடிகிற சமயத்தில் ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசித்துவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்று தன் வார்த்தையில் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டான். மூன்றாம் வகுப்பு மட்டத்திலிருந்து ஐந்தாம் வகுப்பு மட்டத்துக்கு ஒரே ஆண்டில் ஏறியிருக்கிறான்! ஆனால் தேர்வு எட்டாம் வகுப்புத் தேர்வு. கேள்வி எல்லாம் அந்த மட்டத்தில்தான் இருக்கும். ஆண்டுத் தொடக்கத் தேர்வில் 11 வாங்கியவன் கடைசியில் 13 வாங்கினான், அந்த இரண்டுகூடச் சரியான விடையைத் தேர்ந்தெடு பகுதியில் குருட்டாம்போக்கில் விழுந்ததாக இருக்கலாம். அறிக்கையில் அவனுக்கு நேரே "முன்னேற்றம் இல்லை" என்று வந்தது. அதாவது நான் எதுவும் செய்யவில்லை.

இன்னொரு கோடியில் ஒரு பெண், வந்த புதிதிலேயே 97 வாங்கியவள். கடைசித் தேர்வில் 96. அது "சரிவு". நூற்றுக்கு நூறைத் தாண்டி அவளை எங்கே ஏற்றச் சொல்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இதை என் சொந்தப் புலம்பல் என்று தள்ளிவிட வேண்டாம். நியூயார்க் மாநிலத்தில் ஷெரி லெடர்மன் என்று ஒரு நாலாம் வகுப்பு ஆசிரியை. பிள்ளைகள் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதை வைத்து அவருக்கு ஓர் ஆண்டு 20க்கு 14 போட்டார்கள், அடுத்த ஆண்டு 20க்கு 1. அவருடைய பிள்ளைகள் இரண்டு ஆண்டும் மாநிலச் சராசரியைவிட நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். பதின்மூன்று மதிப்பெண் அளவுக்குத் திறமை ஒரு விடுமுறையில் ஆவியாகிப்போகுமா? அவர் நீதிமன்றம் போனார், 2016இல் அந்த மதிப்பெண் தன்னிச்சையானது என்று சொல்லி நீதிபதி அதை ரத்து செய்தார். வழக்குப் போட நேரமும் வசதியும் இருந்ததால் அவருக்கு விடிவு வந்தது, மற்றவர்கள் 1 மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

உடனே ஒருவர் வருவார். "வெறும் சராசரியை வைத்துப் பார்ப்பது தப்புதான் சார், அதனால்தான் பிள்ளையின் பழைய மதிப்பெண், பின்னணி எல்லாவற்றையும் கழித்துவிட்டு ஆசிரியர் கூட்டிய மதிப்பை மட்டும் தனியாகப் பிரித்து எடுக்கிறோம்" என்பார். கேட்க அழகாக இருக்கிறது. இப்படிக் கணக்கிடுகிற முறைகளைப் பற்றி அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2014இல் ஓர் அறிக்கை விட்டது. பிள்ளைகளின் மதிப்பெண்களுக்கு இடையே இருக்கிற ஏற்றத்தாழ்வில் ஆசிரியரால் வருவது 1 முதல் 14 சதவீதம்தான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக அதில் இருக்கிறது. மிச்சமெல்லாம் வீடு, வறுமை, உடல்நிலை, முந்தைய வகுப்புகள், அன்றைக்குப் பிள்ளை சாப்பிட்டதா இல்லையா. ஆனால் பழி மட்டும் நூறு சதவீதமும் எங்கள் தலையில்.

இதைவிட எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்று இருக்கிறது, 2019இல் வெளிவந்தது. நியூயார்க் நகரப் பிள்ளைகளின் விவரங்களை எடுத்துக்கொண்டு, அதே வகைச் சூத்திரத்தில் மதிப்பெண்ணுக்குப் பதிலாகப் பிள்ளைகளின் உயரத்தைப் போட்டுப் பார்த்தார்கள். கணிதத்திலும் வாசிப்பிலும் ஆசிரியருக்கு ஆசிரியர் எவ்வளவு வித்தியாசம் தெரிகிறதோ, கிட்டத்தட்ட அதே அளவு வித்தியாசம் உயரத்திலும் தெரிந்தது. அதாவது சில ஆசிரியர்கள் பிள்ளைகளை நெட்டையாக வளர்க்கிறார்களாம்! ஜெஸ்ஸி ராத்ஸ்டீன் என்ற பொருளியலாளர் 2010இல் இன்னொன்றைக் காட்டினார். இந்த முறையில் கணக்குப் போட்டால் ஐந்தாம் வகுப்பு ஆசிரியரின் "தாக்கம்" பிள்ளை நாலாம் வகுப்பில் வாங்கிய மதிப்பெண்ணிலேயே தெரிகிறது. பிள்ளை இன்னும் என் வகுப்புக்குள் காலே வைக்கவில்லை, அதற்குள் நான் கெடுத்துவிட்டேன். உண்மையில் அது காட்டுவது எந்தப் பிள்ளை எந்த வகுப்புக்குப் போகிறது என்பது குலுக்கல் இல்லை என்பதைத்தான். அது எந்தப் பள்ளியில் வேலை பார்ப்பவருக்கும் தெரியும். நிறம் அடிக்கிறவர்களுக்குத்தான் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருக்கிறார்கள்.

அந்தச் சூத்திரத்தையாவது காட்டுங்கள் என்றால் அதுவும் கிடையாது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆசிரியர்களின் மதிப்பெண்ணை ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருள் கணக்கிட்டது, உள்ளே என்ன நடக்கிறது என்பது வணிக ரகசியம். தங்கள் மதிப்பெண் சரியா தப்பா என்று சரிபார்க்கக்கூட ஆசிரியர்களுக்கு வழியில்லை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது என்று 2017இல் நீதிமன்றம் வழக்கைத் தொடர அனுமதித்தது, அதன் பிறகுதான் நிர்வாகம் சமரசத்துக்கு இறங்கி வந்தது. கணக்குப் பாடத்தில் வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் நான் மதிப்பெண்ணைக் குறைப்பேன். என் வேலையை முடிவு செய்கிற கணக்குக்கு அந்தச் சட்டம் கிடையாதா?

இதெல்லாம் எங்களுக்கு நடக்கிற அநியாயம், பொறுத்துக்கொள்கிறோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு நடப்பதுதான் தாங்க முடியவில்லை. தேர்வுக்கு முன்னால் ஒரு பட்டியல் கேட்பார்கள். தேர்ச்சிக் கோட்டுக்கு நாலைந்து மதிப்பெண் கீழே நிற்கிற பிள்ளைகளின் பெயர்கள் மட்டும். எல்லைக்கோட்டுப் பிள்ளைகள் என்று பெயர். சிறப்பு வகுப்பு, மாதிரி வினாத்தாள், ஆசிரியரின் நேரம், எல்லாம் அவர்களுக்கு. ஏனென்றால் அவர்களைக் கொஞ்சம் தள்ளிவிட்டால் தேர்ச்சி விகிதம் ஏறும். ரொம்பக் கீழே இருக்கிற பிள்ளையைத் தூக்கினாலும் விகிதம் அசையாது. நான் ஒரு பிள்ளையின் பெயரைச் சேர்க்கப் போனபோது கூட்டத்தில் ஒரு குரல் சொன்னது: "அவனை விடுங்க, எப்படியும் தேற மாட்டான், அந்த நேரத்தை வேற யாருக்காவது கொடுங்க." பதின்மூன்று வயதுப் பையனைப் பற்றி, ஒரு பள்ளிக்குள் உட்கார்ந்துகொண்டு சொன்ன வாக்கியம் இது. சொன்னவர் கொடூரமானவரும் இல்லை, அவர் பெயருக்கு நேரேயும் ஒரு கட்டம் இருக்கிறது. டெக்சாஸில் ஒரு தொடக்கப்பள்ளியில் இதையே கண்ட ஓர் ஆய்வாளர், போர்க்களத்தில் காயம்பட்டவர்களில் யாருக்கு வைத்தியம் பார்ப்பது, யாரை விட்டுவிடுவது என்று பிரிப்பதோடு ஒப்பிட்டு 2005இலேயே எழுதிவிட்டார். படித்தவர்கள் யாரும் திருந்தியதாகத் தெரியவில்லை.

தேர்வு முடிவை வைத்து எங்களை அளப்பதைப் புதுக் கண்டுபிடிப்பு மாதிரி கொண்டுவந்து நிறுத்துகிறார்களே, இங்கிலாந்தில் 1862இலேயே ராபர்ட் லோ என்பவர் இதைச் செய்து பார்த்துவிட்டார். பள்ளி ஆய்வாளர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பிள்ளைகளைச் சோதிப்பார், தேறின பிள்ளைகளைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம். என்ன ஆயிற்று? பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். உண்மையில் வாசிக்கத் தெரியாமலேயே வாசிப்பில் தேற வைக்க முடிகிறது என்று அப்போது பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டு தன் அறிக்கையில் எழுதினார். முப்பது ஆண்டுக்கு மேல் இழுத்தடித்துவிட்டுக் கைவிட்டார்கள். அமெரிக்காவின் அட்லாண்டாவில் இன்னும் ஒரு படி மேலே போய், ஆசிரியர்களே அழிரப்பரை எடுத்துக்கொண்டு விடைத்தாள்களைத் திருத்தினார்கள். 2011 விசாரணை அறிக்கையில் 44 பள்ளிகள், 178 ஆசிரியர்கள் மற்றும் தலைமையாசிரியர்கள். அவர்கள் செய்தது தப்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இலக்கை எட்டாவிட்டால் வேலை போய்விடும் என்று மேலிருந்து மிதித்தவர்களும் இருந்தார்கள்.

"அப்போ வேலை செய்யாத ஆசிரியரை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்பது அடுத்த கேள்வி. நல்ல கேள்விதான். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று நான் ஏன் சொல்லப்போகிறேன்? எங்கள் பள்ளியிலேயே ஒருவர் உண்டு. புத்தகத்தைத் திறந்து ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கைபேசியில் மூழ்கிவிடுவார். அது பிள்ளைகளுக்குத் தெரியும், பெற்றோருக்குத் தெரியும், தலைமைக்கும் தெரியும். அவர் நிறம் என்ன தெரியுமா? பச்சை! நன்றாகப் படிக்கிறவர்களைப் பொறுக்கி எடுத்த பிரிவு அவருடையது, பாதிப் பேர் வெளியே தனிப்பயிற்சிக்குப் போகிறார்கள். இவரைப் பிடிக்கத்தானே இத்தனை எக்செல்? மதிப்பெண் ஏறினாலே நல்ல ஆசிரியர் என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்க விமானப்படை அகாதமியில் மாணவர்களைக் குலுக்கல் முறையில் பேராசிரியர்களிடம் பிரித்துவிடுவார்கள், எல்லாருக்கும் ஒரே தேர்வு, ஆகவே ஆராய வசதியான இடம். அங்கே செய்த ஆய்வில், தன் பாடத்தில் மாணவருக்கு அதிக மதிப்பெண் வரவைத்த பேராசிரியர்களின் மாணவர்கள் அதற்கடுத்த மேல்நிலைப் பாடங்களில் பின்தங்கினார்கள் என்று தெரிந்தது. இந்தத் தேர்வுக்கு மட்டும் தயார் செய்து அனுப்பினால் அப்படித்தான் ஆகும்.

தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பிள்ளைக்கு எந்தக் கேள்வி தவறிப்போனது என்று சொல்லுங்கள், அடுத்த வாரமே அதை எடுத்து நடத்துகிறேன். ஆனால் எங்களுக்கு வருவது ஒற்றை எண், அதுவும் பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போன பிறகு. என்னை அளக்க வேண்டுமா, வகுப்புக்கு வாருங்கள். சொல்லாமலே வாருங்கள், கடைசி பெஞ்சில் உட்காருங்கள், நோட்டுகளைப் புரட்டுங்கள், நான் நடத்தின பாடத்தில் ஓட்டை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அதற்குப் பாடம் தெரிந்த ஆள் வேண்டும், ஆண்டு முழுக்க வந்துபோக நேரம் வேண்டும், ஆகவே வர மாட்டார்கள்.

அடுத்த தேர்வுக்கான எல்லைக்கோட்டுப் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லிச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. வருகைப் பதிவேட்டில் இருக்கிற எல்லாப் பெயரையும் அப்படியே எழுதி அனுப்பலாம் என்றிருக்கிறேன். கூட்டத்தில் கேட்டால் அங்கேயே பேசிக்கொள்ளலாம்.