எங்கள் அப்பா கைக்கூலி இல்லை

ஞாயிற்றுக்கிழமை வானொலி நேயர் சந்திப்புக்கு வந்தவர்களுக்கு நடந்தது தெரியும். சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டவர்களை, "பீக்கிங்காரன் அனுப்பின காலண்டருக்கு ஆசைப்பட்ட கைக்கூலிகள்" என்று ஒருவர் மைக்கில் சொன்னபோது எழுந்து பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வானொலி கேட்பது வேறு, அது சொல்வதை நம்புவது வேறு. சீன வானொலி கேட்ட அதே பெட்டியில்தான் பிபிசி தமிழோசையும் பிலிப்பைன்ஸின் வெரித்தாஸ் வானொலியும் இலங்கை வானொலியும் கேட்டோம். யாருக்கும் அடிமைச் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் அப்பாதான் நேயர். முருங்கை மரத்தில் செம்புக் கம்பி கட்டி, சிற்றலையில் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு சீனப் பெண் தமிழில் பேசுவார். அலைவரிசை, நேரம், ஒலி எப்படி இருந்தது என்பதற்கு 45444 என்று குறியீடு, எல்லாம் எழுதி அனுப்பினால் இரண்டு மாதத்தில் க்யூஎஸ்எல் அட்டை வரும்; ஒலிபரப்பைக் கேட்டதை நிலையமே உறுதிசெய்து அனுப்பும் அட்டை அது. சில சமயம் காகிதத்தில் வெட்டிய பூச்சித்திரமும் வரும். ஒருநாள் அப்பாவின் கடிதத்தையே வாசித்தார்கள். எங்கள் ஊர்ப் பெயர் பெய்ஜிங்கிலிருந்து கேட்டது. கையிலிருந்த காபி ஆறும்வரை அப்பா அசையவில்லை.

"அரசுப் பிரச்சாரம்தானே?" என்பீர்கள். ஆமாம். செய்தியில் கட்சியின் குரல்தான் என்பது எங்களுக்குத் தெரியாதா? ஆனால் 1989 ஜூனில் தியானன்மென் போராட்டத்தை ராணுவம் ஒடுக்கியபோது, பெய்ஜிங்கில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள் என்று ஆங்கிலத்தில் உலகுக்கு வாசித்ததும் அதே நிலையம்தான். பிறகு வாயை அடைத்துவிட்டார்கள், சரி. உள்ளே மனிதர்களும் இருந்தார்கள் இல்லையா?

"கல்வான்?" 2020இல் அந்த லடாக் எல்லைப் பள்ளத்தாக்கில் சீனப் படையுடனான மோதலில் உயிர்விட்ட 20 இந்திய வீரர்களில் ராமநாதபுரத்துக்காரரும் ஒருவர். அன்று நானும் அழுதேன். அதற்கும் அப்பாவின் அட்டைகளுக்கும் என்ன சம்பந்தம்?

தமிழ் ஒலிபரப்பு தொடங்கியது 1963 ஆகஸ்ட் 1. 1962 இந்திய-சீனப் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அதில் அரசியல் கணக்கு இருந்திருக்கும், இருக்கட்டும். ஆனால் தமிழ் படித்து, கலையரசி என்று பெயரும் வைத்துக்கொண்டு, நம் ஊர்க் கடிதங்களைப் பிரித்துப் படித்தவருக்கு நன்றி சொன்னால் அது துரோகமா?

இதையும் சொல்லிவிடுகிறேன். தெருக்குழாய் கேட்டு அப்பா உள்ளூர் அலுவலகத்துக்குப் பதினோரு மனு எழுதினார். ஒன்றுக்கும் பதில் இல்லை. கடல் தாண்டிப் போன கடிதத்துக்குப் பதில் வந்தது. "அன்புள்ள நேயர் அவர்களுக்கு" என்று தமிழில் வந்தது. அந்த மரியாதையை அவருக்கு வேறு யார் கொடுத்தார்கள்?

கடிதங்களுக்குத் தபால்தலை எல்லாம் அப்பாவின் சொந்தக் காசு. அட்டைகளை ஆண்டுவாரியாக நூல் கட்டி வைத்திருந்தார். அடுத்த சந்திப்புக்கு அந்தக் கட்டைக் கொண்டு வருகிறேன். மைக்கில் அப்படிச் சொன்னவரும் வரட்டும்.